வண்டி நம்ம பேரில், சாவி யார் கையில்?

சட்டம் அறிவோம் பகுதி



நம் கூட்டமைப்பில் கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஷேர் ஆட்டோ, பால் வண்டி, காய்கறி ஏற்றும் மினி லாரி, குறைந்தபட்சம் ஒரு மொபெட். குழுக் கடன் என்பதால் பல வீடுகளில் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது நம்ம பேர். ஓட்டுவது வீட்டுக்காரர், இல்லையென்றால் மகன். இந்த மாதப் பாடத்தை அந்த வீடுகளை நினைத்துத்தான் எழுதுகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் சட்டம் என்ன செய்யும்? ஓட்டியவரை என்ன செய்யும் என்பது பாதி. வண்டிக்குச் சொந்தக்காரியை என்ன செய்யும் என்பது மீதி. அந்த இரண்டாவது பாதியை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

"மாட்டினா என்ன, ரெண்டாயிரம் கட்டிட்டு வந்துடலாம்" என்று ஆண்கள் பேசுவதை இன்றும் கேட்கிறோம். அது பழைய கணக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் முதலில் அப்படித்தான் இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய், அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாரம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினர் ஒருவர் 10,000 சேர்க்க 100 வாரம் ஆகும். கிட்டத்தட்ட இரண்டு வருடச் சேமிப்பு ஒரே ராத்திரியில் போகிறது.

எவ்வளவு குடித்தால் குற்றம்?

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். "நான் ஸ்டெடியாத்தான் ஓட்டினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தள்ளாடினாரா, நேராக நின்றாரா என்பது கேள்வியே இல்லை. மீட்டரில் அளவு தாண்டினால் வழக்குத்தான். கஞ்சா போன்ற போதையில் ஓட்டினாலும் இதே பிரிவுதான். ஆனால் அதற்கு இப்படி எண் கணக்கு கிடையாது, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்ப்பார்கள்.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று நமக்குப் புரியும்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். கடையில் விற்கும் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதை முழுசாகக் குடித்தால் இரத்தத்தில் அளவு சுமார் 150 வரைக்கும் ஏறும். அதாவது சட்டம் சொல்வதைப் போல ஐந்து மடங்கு. பாதி குடித்தாலே 75 வந்துவிடும். ஏறின பிறகு அது இறங்குவது மிக மெதுவாக. மணிக்குச் சுமார் 15 என்ற கணக்கில்தான் உடம்பு அதைக் கரைக்கும். கல்லீரல் செய்கிற வேலை அது. மோர் குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும், டீ குடித்தாலும், பாக்கு மென்றாலும் வேகம் கூடாது. வாடை வேண்டுமானால் குறையும்.

இப்போது காலை வண்டிக்குப் போகிறவரைப் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுக்கிறார். விடிகாலை 5 மணிக்குப் பால் எடுக்கக் கிளம்புகிறார். ஏழு மணி நேரத்தில் 105 இறங்கியிருக்கும். மீதி 45. நன்றாகத் தூங்கி எழுந்து, பல் விளக்கி, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் சட்டப்படி அவர் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆட்டோவாக இருந்தால் நினைத்துப் பாருங்கள். "ராத்திரி குடிச்சது ராத்திரியோட போச்சு" என்பது உண்மையில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். சண்டை போடாமல் சொல்லக்கூடிய விஷயம் இது.

பிடித்தால் என்ன நடக்கும்?

சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி, சந்தேகப்படக் காரணம் இருந்தால், ஊதச் சொல்லலாம். மோட்டார் வாகனத் துறையின் அதிகாரம் பெற்ற அதிகாரியும் சொல்லலாம். ஊத மாட்டேன் என்று மறுத்தால், குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருக்கும்போது வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். காரணமில்லாமல் மறுத்ததையே கோர்ட்டில் அவருக்கு எதிரான சாட்சியாக வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே "ஊதாம இருந்தா கேஸ் நிக்காது" என்று டீக்கடையில் சொல்லும் யோசனையை நம்ப வேண்டாம்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இது ஓட்டியவருக்குள்ள உரிமை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண் ஒருவரிடம் இரத்தம் எடுக்க வேண்டி வந்து, மருத்துவர் ஆணாக இருந்தால், இன்னொரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 204-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும் தப்பிப்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாக இருந்தால் 188-ஆவது பிரிவில் அதே தண்டனை உண்டு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கூட வருகிறவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தது. திருவிழாவுக்கு, கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பிள்ளைகளோடு பின்னால் ஏறி உட்காருகிறோமே, அந்த இடம் நமக்கும் ஆபத்தான இடம்தான். வழக்கை விடுங்கள், உயிருக்கே.

ரோட்டிலேயே பணம் கட்டும் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹெல்மெட் போடாதது மாதிரியான குற்றங்களுக்கு உடனே அபராதம் செலுத்தி முடிக்கலாம். அப்படி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியல் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. 185 அந்தப் பட்டியலில் இல்லை. இது கோர்ட்டில்தான் முடியும். யாராவது "நாலாயிரம் கொடுங்க, பேசி முடிச்சுடறேன்" என்று வீட்டுக்கு வந்தால், அந்தப் பணத்துக்கு ரசீதும் வராது, வழக்கும் முடியாது. ஆறு மாதம் கழித்து சம்மன் வரும்போதுதான் ஏமாந்தது தெரியும். கோர்ட்டில் கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி, வண்டிக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்.

லைசென்ஸ் போவதுதான் பெரிய நஷ்டம்

பத்தாயிரத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஓட்டுநர் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அடி லைசென்ஸ். போலீஸ் அதை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு, முதல் தடவை என்றால் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸை வாங்கும்போது ஒரு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கண்டிப்பு வந்ததில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பேரில் 2014-இல் நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. குடித்து ஓட்டுகிறவர்களின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்த வேண்டும் என்று 2015-இல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது அந்தக் குழுதான்.

இனிமேல்தான் நம்ம பாதி. லைசென்ஸ் நிறுத்தப்பட்ட அந்த மூன்று மாதமும் தவணை நிற்காது. குழுவில் மாதாமாதம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர், "யார் பார்க்கப் போறா, பக்கத்து ஊர் வரைக்கும்தானே" என்று சாவியைக் கேட்பார். அப்படி அவர் ஓட்டினால் அவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாவியைக் கொடுத்த சொந்தக்காரிக்கும் தனியாகத் தண்டனை இருக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்தால் 180-ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் பேர் இருக்கிறது என்றால் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

18 வயது ஆகாத மகன் ஓட்டினால் இன்னும் மோசம். அவன் குடித்திருக்கக்கூட வேண்டாம். அவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காருக்கு 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். அவனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது.

இன்சூரன்ஸ் இருக்கே?

"இன்சூரன்ஸ் கட்டியிருக்கோம், அது பார்த்துக்கும்" என்கிறோம். பாலிசி காகிதத்தை ஒரு தடவை எடுத்து, படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு ஓட்டியவரோ போதையில் இருந்தால் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று அதில் இருக்கும். வண்டி நொறுங்கிப் போகும், இன்சூரன்ஸ் வராது, கடன் மட்டும் அப்படியே நிற்கும். சொந்தக்காரர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் போதையில் ஓட்டினால் கிடைக்காது.

அப்போது யாரும் ஊதிப் பார்க்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை என்றால்? அதுவும் காப்பாற்றாது. டெல்லியில் 2007-இல் ஒரு விலை உயர்ந்த கார் மோதி நொறுங்கிய வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனை நடக்காவிட்டாலும், சூழ்நிலைகளை வைத்து ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று தெரிந்தால் கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. பணக்காரர் காருக்கே அப்படி என்றால் நம்ம ஆட்டோவுக்கு என்ன சொல்வார்கள்?

எதிரே வந்தவர் அடிபட்டால் கதை வேறு. அடிபட்டவரோ இறந்தவர் குடும்பமோ கைவிடப்படக் கூடாது என்பதால், முதலில் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவது வழக்கம். நஷ்டஈடு லட்சக்கணக்கில் வரும். அதை வசூலிக்கக் கம்பெனி யாரைத் தேடி வரும்? ஆர்.சி. புத்தகத்தில் யார் பேரோ அவரை. குழுக் கடன் ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடும்போது நாலு பேரைக் கேட்கிறோம். இந்தப் பொறுப்புக்கு நாம் எப்போது கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் போட்டிருக்கிறோம்.

உயிர் போனால்

குடித்துவிட்டு ஓட்டி ஒருவர் இறந்துபோனால் 185-ஓடு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு 5 வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 வருடம். அதைவிடக் கடுமையான, கொலை ஆகாத மரணக் குற்றமாகவும் வழக்குப் போடலாம். அதற்கு 10 வருடம் வரை போகும். 2006 நவம்பரில் மும்பையில் ஒருவர் குடித்துவிட்டுக் காரை நடைபாதையில் ஏற்றினார். அங்கே படுத்துத் தூங்கிய கூலித் தொழிலாளிகள் ஏழு பேர் செத்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம், இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்த குற்றம் இது என்று சொல்லி, மூன்று வருடத் தண்டனையை உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று வருடமா என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

அடிபட்டது நம்ம ஆளாக இருந்தால், முதலில் 108. அதற்கடுத்து, மோதியவரை உடனே பரிசோதிக்கச் சொல்லிப் போலீசிடம் கேளுங்கள். மணிக்கு 15 இறங்கும் என்று பார்த்தோம் அல்லவா? மறுநாள் இரத்தம் எடுத்தால் ஒன்றும் இருக்காது. மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட 6 மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் காலக்கெடு இருக்கிறது. காரியம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போன் 15100.

அபராதம் கட்டக் குழுவில் கடன் கேட்டால்?

கூட்டத்தில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "குடிச்சதுக்கு நாம ஏன் பணம் தரணும்? ஒரு தடவை கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று சில குழுக்களில் கடன் கிடையாது என்று தீர்மானமே போட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தீர்மானம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அபராதம் விதித்த பிறகு கட்டாவிட்டால் அவர் உள்ளே போக வேண்டியிருக்கும். குழு கைவிரித்தால் அந்தப் பெண் கந்துவட்டிக்காரரிடம்தான் போவார். குடித்தவர் வேறு, வட்டி கட்டுகிறவர் வேறு.

கொடுக்கலாம். ஆனால் தீர்மான நோட்டில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். இப்போது பல இடங்களில் இந்தக் கடனை "மருத்துவச் செலவு" என்று எழுதுகிறார்கள். மானத்துக்குப் பயந்துதான். அப்படி எழுதுவதால் ஒரு வருடத்தில் நம் சேமிப்பில் எவ்வளவு பணம் இதற்குப் போனது என்று கூட்டமைப்புக்குத் தெரியாமலே போகிறது. பெண்ணின் பேரை வெளியே சொல்ல வேண்டாம், காரணத்தை மட்டும் மறைக்க வேண்டாம். இன்னொன்று, கடன் மனுவில் வீட்டுக்காரரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கேளுங்கள். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவது சில பேருக்குப் பத்தாயிரத்தைவிடப் பெரிய அபராதம்.

சாவியைத் தர மறுத்தால் அடி விழும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே போய் "சாவியை ஒளிச்சு வையுங்க" என்று பாடம் நடத்த எங்களுக்கு மனசு வரவில்லை. அடிப்பதும், அவள் பேரில் உள்ள வண்டியையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்வதும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும். 181-க்குப் போன் பண்ணலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். துணைக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ கூடப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். குடியை விட வேண்டும் என்று அவரே நினைத்தால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

கடை எங்கே இருக்கிறது?

ரோட்டோரம் கடையை வைத்துவிட்டு ரோட்டில் ஊதிப் பார்ப்பது என்ன நியாயம் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இதே கேள்விதான் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு வழக்கின் மூலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 20,000-க்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்களில் அந்தத் தூரத்தை 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைத்தார்கள். நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை கட்டாயமில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் தெளிவுபடுத்தினார்கள். நெடுஞ்சாலையிலிருந்து எடுத்த கடைகளை ஊருக்குள் கொண்டு வந்தபோது பல கிராமங்களில் பெண்கள் உட்கார்ந்து மறித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உங்கள் ஊர்க் கடை நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம்? அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு பேர் போய் டேப் வைத்து அளந்து வாருங்கள். அளவைத் தீர்மான நோட்டில் எழுதி, கிராம சபையில் மனுவாக வையுங்கள், நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதே கூட்டத்துக்கு வண்டிக் கடன் வாங்கியவர்கள் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஓட்டுகிறவரின் லைசென்ஸ் நகல் மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். எது காலாவதி ஆகியிருக்கிறது, யார் பேரில் எது இருக்கிறது என்று கணக்காளர் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். அந்தப் பக்கத்தின் நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.